ஓமவல்லி பறிக்கும் முன் மூச்சை எண்ணுங்கள்

என் வீட்டு வாசலில் ஏழு தொட்டியில் ஓமவல்லி நிற்கிறது. பெயிண்ட் வாளியில் மூன்று, மண் தொட்டியில் மூன்று, விளிம்பு உடைந்த சிமெண்ட் தொட்டியில் ஒன்று. தெருவில் எந்த வீட்டுக் குழந்தை இரவில் இருமினாலும் விடிந்ததும் என் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கும். "நர்சம்மா, நாலு எலை பறிச்சிக்கட்டுமா?" பறித்துக்கொள் என்று உள்ளே இருந்தபடியே சொன்ன காலம் ஒன்று உண்டு. இப்போது சொல்வதில்லை. எழுந்து வந்து, "கொழந்தை எங்க? தூக்கிக்கிட்டு வா. பாத்துட்டு அப்புறம் எலை பறிக்கலாம்" என்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. நாலு இலைக்கு இத்தனை விசாரணையா என்று முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

செஞ்சி வட்டாரத்தில் 1986 முதல் 2021 வரை கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலில் நடந்தும், பிறகு சைக்கிளிலும், கடைசிப் பதினைந்து ஆண்டுகள் மொபெட்டிலும் ஊர் ஊராகப் போனேன். கிணற்றடி, குளிக்கிற மறைப்பு, துணி துவைக்கும் கல் என்று தண்ணீர் சிதறும் இடங்களில் எல்லாம் இந்தச் செடியைப் பார்த்திருக்கிறேன். யாரும் விதைத்ததில்லை, விலை கொடுத்து வாங்கியதும் இல்லை. ஒரு வீட்டில் ஒடித்த கிளை இன்னொரு வீட்டில் செடியாகும். என்னிடம் இருக்கும் ஏழும், 1988-ல் பிரசவம் பார்க்கப் போன வீட்டில் ஒரு பாட்டி என் பையில் செருகிவிட்ட ஒற்றைக் கிளையின் வாரிசுகள்.

2025 அக்டோபருக்குப் பிறகு கேட் திறக்கும் சத்தம் கூடிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த மருந்து நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று ஒன்றிய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் அறிவுறுத்தியது. சரியான அறிவுரை. சாதாரணச் சளி இருமல் மருந்து இல்லாமலே அடங்கிவிடும். இதை நாங்கள் வீடு வீடாகச் சொல்லி வந்தோம், கேட்டவர்கள் குறைவு. இப்போது கேட்கிறார்கள்.

ஆனால் கேட்டதோடு நிற்கவில்லை. பாட்டிலைத் தூக்கி எறிந்த கை இலையை எடுத்துவிட்டது. தெருவில் எல்லார் கைபேசியிலும் ஒரே படம் வருகிறது: பச்சை இலை, பக்கத்தில் சிரிக்கும் குழந்தை, கீழே நெஞ்சுச் சளி முழுதும் கரையும் என்று எழுத்து. எந்தச் சளியாக இருந்தாலும், எத்தனை நாளானாலும், எந்த வயதுக் குழந்தையானாலும் இலை பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை பரவிக்கொண்டிருக்கிறது. இந்த இலையை முப்பத்தெட்டு ஆண்டுகளாக வளர்க்கிறவள் நான். இதன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த நம்பிக்கை மீதுதான் பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளும் நிறைய இருக்கின்றன.

ஓமவல்லி, கற்பூரவல்லி இரண்டும் ஒரே செடிதான். கற்பூரவல்லி என்று ஒரு வாழைப்பழமும் இருப்பதால் நான் ஓமவல்லி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பெயரில் ஓமம் இருந்தாலும் ரசத்துக்கும் முறுக்குக்கும் போடும் ஓமம் வேறு செடியின் விதை. வாசனை ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் இரண்டிலும் இருக்கும் தைமால், கார்வக்ரால் போன்ற எண்ணெய்ப் பொருள்கள். ஆந்திரத்தில் வாமு ஆக்கு, கர்நாடகத்தில் தொட்டபத்ரெ, கேரளத்தில் பனிக்கூர்க்க என்பார்கள். இலங்கைச் சிங்களவர்கள் கப்பரவல்லிய என்கிறார்கள், அதில் நம் சொல்லே ஒலிக்கிறது. பிலிப்பைன்ஸில் இதற்கு ஒரிகானோ என்று பெயர். போர்த்துகீசியப் பாதிரியார் லோரெய்ரோ 1790-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தோனேசியாவின் அம்போன் தீவின் பெயரை இதற்குத் தாவரப் பெயராக வைத்தார். இன்றும் அம்போயினிக்கஸ் என்ற அந்தப் பெயர்தான். துளசி, புதினா, தும்பை எல்லாம் இதன் பங்காளிகள்.

வளர்க்க ஒரு சாண் நீளக் கிளை போதும். கொழுந்து உள்ள கிளையாக ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒடித்த இடம் காய ஒரு பகல் நிழலில் வையுங்கள். உடனே ஈர மண்ணில் குத்தினால் சதைப்பற்றான தண்டு அடியிலிருந்து அழுகும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு. தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். காலை வெயில் படும், மதியம் நிழல் விழும் இடமாக இருந்தால் நல்லது. நிழலில் இலை உள்ளங்கை அகலத்துக்கு விரியும், ஆனால் மணம் குறையும். வெயிலில் இலை சிறுத்துத் தடிக்கும், மணம் ஏறும். பஜ்ஜிக்கு நிழல் தொட்டி, ரசத்துக்கு வெயில் தொட்டி என்று நான் பிரித்தே வைத்திருக்கிறேன்.

தண்ணீர் அதிகமானால்தான் இது சாகும். மேல் மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளை வெடிக்கும். பறிக்காமல் அழகுக்கு விட்டால் ஓராண்டில் அடித்தண்டு மரக்கட்டையாகி மேலே மட்டும் நாலு இலை நிற்கும், அப்போது நுனியை ஒடித்துப் புதிதாக நட்டுவிட வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் ஒரு துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளிப்பேன், தெளித்த வாரம் அந்தத் தொட்டியில் யாருக்கும் இலை கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓமவல்லி வேர் அழுகிச் சாயும். ஊரில் குழந்தைகள் இருமத் தொடங்குவதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். செடி அதிகம் வேண்டியிருக்கும் மாதத்தில்தான் செடி நம்மை விட்டுப் போகப் பார்க்கும். அதனால் தீபாவளி நெருங்கும்போதே மூன்று தொட்டிகளைத் தூக்கிச் சன்ஷேடுக்கு அடியில் வைத்துவிடுவேன்.

இனி அடுக்களை. இந்த இலைக்கு உரிய இடம் முதலில் அதுதான். மிளகும் சீரகமும் தட்டும்போது இரண்டு இலையைச் சேர்த்துத் தட்டி ரசத்தில் போட்டால் வீடெங்கும் மணக்கும். துவையலுக்குப் பத்துப் பன்னிரண்டு இலை, ஒரு பிடி தேங்காய், உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், சுண்டைக்காய் அளவு புளி. இலையை எண்ணெயில் சுருள வதக்கினால்தான் காரல் போகும். கர்நாடகத்துக்காரர்கள் இதையே தயிரில் அரைத்துத் தம்புளி என்று சோற்றில் பிசைந்து உண்கிறார்கள், வெயில் காலத்துக்கு அருமை. பஜ்ஜிக்கு இலையைக் கழுவித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் கடலை மாவு வழுக்கிவிடும். கீரையைக் கண்டால் ஓடும் பிள்ளைகள் இந்தப் பஜ்ஜிக்கு வரிசையில் நிற்பதை எத்தனையோ சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் பார்த்திருக்கிறேன்.

இருமலுக்கும் கொடுக்கலாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, இரண்டு இலையைத் தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்த சாற்றில் சில துளியோடு தேன் சேர்த்து நாக்கில் தடவினால் தொண்டைக்கு இதமாக இருக்கும். இதைப் பழைய பழக்கம் என்று தள்ள நான் தயாராக இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2001-ல் குழந்தைகளின் இருமல் மருந்துகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், தொண்டைக்கு இதம் தரும் பாதுகாப்பான வீட்டுப் பொருள்கள் போதும் என்றுதான் சொன்னது. இதம் என்ற சொல்லைக் கவனியுங்கள். இலை தருவது அவ்வளவுதான். நுரையீரலுக்குள் கிருமி இறங்கிச் சீழ் கோத்துக்கொண்டிருந்தால் நாலு இலை என்ன, நாற்பது இலை பிழிந்தாலும் அங்கே போய்ச் சேராது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1991, கார்த்திகை மாதம். தடுப்பூசிக்குப் பேர் எழுத ஒரு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பாட்டி விளக்குச் சுடரில் ஓமவல்லி இலையை வாட்டிக்கொண்டிருந்தார். மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. இரண்டு சட்டை, அதன்மேல் பழைய புடவைத் துணியால் கழுத்து வரை சுற்றியிருந்தது. "கணைச் சளி நர்சம்மா. ரெண்டு நாள்ல எறங்கிடும்" என்றார் பாட்டி. நான் சிரித்துக்கொண்டே, "நல்லது பாட்டி, குடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்குத் தேதி குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அன்று இலையைப் பார்த்தேன். குழந்தையைப் பார்க்கவில்லை. அந்தத் துணியை விலக்கியிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பது எனக்கு இன்று தெரியும்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் குழந்தையின் அப்பா சைக்கிளில் வந்து நின்றார். நான் போனபோது குழந்தையின் உதடு கறுத்திருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. பால் குடிக்கவில்லை, அழவும் சக்தி இல்லை. அப்போது 108 ஆம்புலன்ஸ் கிடையாது, அது வந்தது 2008-ல். மழையில் பஸ்ஸுக்காக நின்றோம். பஸ் வந்தது, ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் என் மடியில் அந்தக் குழந்தையின் மூச்சு நின்றது.

"எலை குடுத்தனே நர்சம்மா, கேக்கலையே" என்று பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது முப்பத்தைந்து ஆண்டாகியும் என் காதில் இருக்கிறது. மறுநாள் அந்த வீட்டுக்குப் போனபோது கிணற்றடி ஓமவல்லி வேரோடு பிடுங்கிக் கிடந்தது. அந்தச் செடி ஒரு பாவமும் செய்யவில்லை. பாட்டியும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்ததை அன்போடு செய்தார். பார்க்க வேண்டியவள் நான்.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு பயிற்சிக்கு அழைத்தார்கள். கையில் அடங்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். யுனிசெஃப் தந்தது. அழுத்தினால் நொடிக்கு நொடி டிக் டிக் என்று ஓடி, ஒரு நிமிடம் முடிந்ததும் கூவும். குழந்தையின் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம், உடனே மருத்துவம் வேண்டும். ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். அவ்வளவு எளிதான விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பயிற்சிக் கூடத்தில் நான் அழுதேன்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது தெரிந்தது மேலும் வலித்தது. எக்ஸ்ரே இல்லாத ஊரில் நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பப்புவா நியூ கினியின் கோரோகா மருத்துவமனையில் ஃபிராங்க் ஷான் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1984-ல் எழுதினார். அடுத்து, நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலான மருத்துவர்கள், கைக்குழந்தைக்கு 50, அதைத் தாண்டிய குழந்தைக்கு 40 என்ற எல்லைகள் நுரையீரல் தொற்றைக் காட்டிக்கொடுக்கின்றன என்று நிறுவினார்கள். 1988-ல் லான்செட் இதழில் அது வந்தது. உலகம் முழுக்கச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித் தரும் எண்களுக்குப் பின்னால் அந்த வேலை இருக்கிறது. செஞ்சியிலிருந்து ஆரணி வழியாகப் போனால் வேலூர் ஒரு பகல் பயணம்கூட இல்லை. அங்கே எண்ணி முடித்து மூன்று ஆண்டு ஆன பிறகும், மூச்சை எண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

இன்றைக்கு முப்பத்தெட்டு ஆண்டு ஆகிறது. செவிலியர்களுக்குத் தெரியும். தாய்மார்களுக்குத் தெரியுமா? என் தெருவில் இலைக்கு வரும் பெண்களைக் கேட்கிறேன். கல்லூரி படித்தவர்களும் இருக்கிறார்கள். குழந்தையின் எடை தெரிகிறது, அடுத்த ஊசித் தேதி தெரிகிறது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்கத் தெரிகிறது. மூச்சை எண்ணலாம் என்று பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7,40,180 குழந்தைகள் உலகில் நிமோனியாவால் இறந்தார்கள். அந்த வயதில் இறந்த குழந்தைகளில் 14 விழுக்காடு.

எண்ணும் முறையைச் சொல்கிறேன். குழந்தை அழக் கூடாது, பால் குடித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. தூங்கினால் மிக நல்லது, இல்லையென்றால் அம்மா மடியிலேயே இருக்கட்டும். சட்டையை நெஞ்சு வரை தூக்குங்கள். வயிறும் நெஞ்சும் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு முழு நிமிடமும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது கூடாது, சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. எண்ணும்போதே விலாவுக்குக் கீழே பாருங்கள். மூச்சை இழுக்கையில் அந்த இடம் உள்ளே குழிந்தால் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பால் குடிக்க மறுத்தால், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால் எண்ணிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். 108.

இலையோடு சேர்ந்து வரும் வேறு சில பழக்கங்களையும் சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது, ஒரு துளி இலைச் சாறும் கூடாது. மூக்கில் பிழிந்து விடுவது எந்த வயதிலும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும், குழந்தையின் தசைகள் செயலற்றுப் போகும். கற்பூரவல்லி என்ற பெயரைக் கேட்டுவிட்டுக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கிலும் தடவுகிறார்கள். கற்பூரம் குழந்தைக்கு நஞ்சு, உள்ளே போனால் வலிப்பு வரும். ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்த மூன்று வயதுப் பையனுக்கு மாதக்கணக்கில் நான் கட்டு மாற்றியிருக்கிறேன். அவனுக்கு வந்திருந்தது வெறும் மூக்கடைப்பு.

தடுப்பூசியை விட்டுவிட்டால் என் வேலைக்கு நான் செய்யும் துரோகம். நிமோனியா உண்டாக்கும் கிருமிகளில் ஹிப் என்பதைத் தடுக்கும் ஐந்து நோய்க்கான ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. நியூமோகாக்கல் ஊசி நம் மாநிலத்துக்கு வந்தது 2021-ல், நான் ஓய்வு பெற்ற ஆண்டு. அதை ஒரு குழந்தைக்காவது போட என் கைக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணை, அரசு நிலையங்களில் இலவசம். இலை கேட்டு வருகிறவர்களிடம் தடுப்பூசி அட்டையையும் கொண்டுவரச் சொல்கிறேன்.

மறுபடி இலைக்கே வருகிறேன். பெங்களூருவில் இருக்கும் என் மருமகள் பால்கனியில் லெமன் பாம் வளர்க்கிறாள். கசக்கி முகர்ந்தேன், எலுமிச்சை மணம். அதுவும் துளசி, புதினா குடும்பம்தான், தண்டு நாலு பட்டையாக இருக்கிறது. கிரேக்க மொழியில் தேனீயைக் குறிக்கும் மெலிசா என்ற சொல்தான் அதன் தாவரப் பெயர். ஐரோப்பாவில் தேனீ வளர்ப்பவர்கள் புதுக் கூட்டுக்குள் அந்த இலையைத் தேய்ப்பார்களாம். நம் ஓமவல்லி போல அங்கே அது வீட்டுத் தோட்டத்து இலை, மனச் சஞ்சலத்துக்கும் தூக்கமின்மைக்கும் தேநீராகக் குடிப்பார்கள். ஐரோப்பிய மருந்து முகமையின் குறிப்பில் அந்த வீட்டு இலைக்கும் அளவு எழுதியிருக்கிறது: ஒரு தடவைக்கு 1.5 முதல் 4.5 கிராம் வரை, நாளுக்கு ஒன்று முதல் மூன்று தடவை, 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பரிந்துரை இல்லை. பிலிப்பைன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. நாம் ஆவி பிடிக்கப் போடும் நொச்சியை அவர்கள் லகுண்டி என்பார்கள். அதை ஆராய்ந்து, அளவு வகுத்து, இருமலுக்கு மாத்திரையாகவும் சிரப்பாகவும் செய்தார்கள். அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட பத்து மூலிகைகளில் நொச்சி ஒன்று.

ஓமவல்லிக்கு இதைச் செய்ய நம்மால் முடியாதா? தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. எந்த வயதுக்கு, எத்தனை மில்லி, எத்தனை நாள், எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று குழந்தைகள் நல மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து ஒரு பக்கத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் இல்லாத இடத்தைத்தான் கைபேசிப் படங்கள் நிரப்புகின்றன.

இன்னொன்று அரசுக்கு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது முதல் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல வேலை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கூடவே பத்து நிமிடம் உட்கார்ந்து அம்மாவுக்கும் பாட்டிக்கும் மூச்சை எண்ணக் கற்றுக் கொடுக்கட்டும். பாட்டியை விட்டுவிடக் கூடாது, இலையை வாட்டுவது பாட்டிதான். தாய் சேய் அட்டையில் ஊசித் தேதிகளுக்குப் பக்கத்தில் 60, 50, 40 என்ற மூன்று எண்களும், சட்டையைத் தூக்கிய ஒரு குழந்தைப் படமும் பெரிதாக இருக்கட்டும். அங்கன்வாடி வாசலில் மூலிகைத் தொட்டி வைக்கிறார்கள், ஓமவல்லியும் வைக்கிறார்கள். அந்தத் தொட்டியிலேயே அந்த மூன்று எண்களையும் எழுதுங்கள். இதற்குப் புதிய திட்டம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், பெயிண்ட் போதும். நான் என் ஏழு தொட்டியிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தக் கார்த்திகையில் ஒரு ராத்திரி, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒன்பது மணி இருக்கும், நாலாம் வீட்டுப் பெண் முந்தானைக்குள் குழந்தையை மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு வயதுப் பையன், மூன்று நாளாக இருமல். மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை, சாயங்காலம் இட்லி தின்றிருக்கிறான். உள்ளே உட்கார வைத்தேன். அவன் அம்மா தோளிலேயே கண் அசந்தான். மெல்லச் சட்டையைத் தூக்கினேன். நீயே எண்ணு என்று அவளிடம் சொல்லிவிட்டு, கைபேசியில் ஒரு நிமிடம் வைத்தேன். அவள் உதடு அசைய எண்ணினாள். நான் மனசுக்குள் எண்ணினேன். விலா குழியவில்லை. மணி அடித்தது.

"முப்பத்தாறு" என்றாள்.

எனக்கும் முப்பத்தாறு. சன்ஷேடுக்கு அடியில் இருந்த தொட்டியில் நாலு இலை பறித்துக் கொடுத்தேன். காலையில் அவன் தூங்கி எழுவதற்கு முன்னால் இன்னொரு தரம் எண்ணிச் சொல்லு, நாற்பதைத் தொட்டால் எந்த நேரமானாலும் என்னை எழுப்பு என்று சொல்லி அனுப்பினேன். ஆறு மணிக்கு மழை விட்டிருந்தது. வாசல் தெளிக்க வெளியே வந்தபோது அவள் தன் வீட்டுப் படியில் நின்றபடியே கையை உயர்த்திக் காட்டினாள். மூன்று விரல், பிறகு நாலு விரல்.